பிளஸ் ஒன் இயற்பியல்: முதலில் கணக்கா, முதலில் சோதனையா?

நிலாமுற்றம்:
அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ப்யூர் சயின்ஸ் குரூப். பத்தாவதில் அறிவியலில் 91 வாங்கினேன். வெர்னியர் அளவி, திருகு அளவியை எல்லாம் ஒன்பதாவதிலேயே பார்த்திருந்ததால் முதல் பாடமான அளவீட்டியல் சுலபமாகப் போனது. இரண்டாவது பாடம் இயக்கவியல். ஆசிரியர் பலகையில் டிஎக்ஸ் பை டிடி (dx/dt) என்று எழுதி, "இதைக் கணக்கு வகுப்பில் விளக்கமாக நடத்துவார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எங்கள் குரூப்பில் கணக்குப் பாடமே கிடையாது. அன்றைக்கு எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு வரிகூடப் புரியவில்லை. குரூப் மாற்ற இன்னும் சில நாள் இருக்கிறது. மாறிவிடலாமா?

கரும்பலகை:
மாறாதே அம்மா. நான் 31 வருடம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன். நீ சொல்வது உன் குறை இல்லை, வரிசையில் இருக்கும் குறை. கணக்குப் புத்தகத்தில் வெக்டரும் (திசையும் சேர்ந்த அளவு), உன் டிஎக்ஸ் பை டிடி வரும் வகையிடலும், அதைத் திருப்பிச் செய்யும் தொகையிடலும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியலிலோ முதல் தொகுதியின் இரண்டாவது பாடத்திலேயே மூன்றும் வேண்டும். கணக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கே இந்த இடைவெளி இருக்கிறது, உங்களுக்கு அந்த இரண்டாம் தொகுதியும் இல்லை. அதனால்தான் நான் ஜூன் மாதத்தில் முதல் பதினைந்து நாள் இயற்பியல் புத்தகத்தையே திறக்க மாட்டேன். வரைபடத்தின் சாய்வு, அதன் கீழுள்ள பரப்பு, சைன், கொசைன், வெக்டர் கூட்டல், எளிய வகையிடல். அப்புறம்தான் இயக்கவியல். ஒவ்வொரு பள்ளியிலும் இப்படிச் செய்தாக வேண்டும்.

ஊசல்குண்டு:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். இப்போது கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் சொன்ன அதே பதினைந்து நாளில்தான் நான் இயற்பியலை விட்டே ஓடப் பார்த்தேன். எதற்கு என்று தெரியாமல் எழுத்துக்களை வைத்துக் கணக்குப் போட்டோம். என் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் அந்த வாரமே குரூப் மாறினான், லேத்தையும் மோட்டாரையும் பார்த்தால் கண் விரியும் பையன் அவன். கலிலியோ சாய்தளத்தில் குண்டை உருட்டி, சமமான நேர இடைவெளிகளில் அது போகும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடுவதைக் கண்டார். 1638இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். வகையிடல், தொகையிடல் அடங்கிய நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நியூட்டன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். நுண்கணிதம் இல்லாமலே முடுக்கத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கரும்பலகை:
தம்பி, கலிலியோ அதற்குப் பல வருடம் எடுத்துக்கொண்டார். இந்தப் பிள்ளைக்கு மார்ச்சில் பரீட்சை. இயக்கச் சமன்பாடுகளை நுண்கணித முறையில் தருவி என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் குண்டை உருட்டிக் காட்ட முடியுமா? நீட் எழுதுவதானால் 720இல் 180 இயற்பியலுக்கு. அப்புறம், கலிலியோவும் கணக்கு இல்லாமல் போகவில்லை. அவர் வடிவியலை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்தார்.

வெள்ளாமை:
ஒரு அப்பாவாகச் சொல்கிறேன். என் மகன் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்குப் போனான். திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்த பையன், வெலாசிட்டி என்ற சொல்லைக் கேட்டு ஒரு மாதம் திணறினான். கணக்கா சோதனையா என்பதற்கு முன்னால் இதையும் யாராவது பாருங்கள்.

ஊசல்குண்டு:
உண்மைதான் அண்ணா, எங்கள் வகுப்பிலும் பலர் அங்கேதான் தடுக்கினார்கள்.

நிலாமுற்றம், உனக்கு ஒரு வேலை. ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிடு. ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர். கொஞ்சமாக இழுத்துவிட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று வைத்து 20 அலைவுக்குப் போனில் நேரம் பார். பிறகு நீளத்தை 25 சென்டிமீட்டராக்கிப் பார். அளக்கும் முன் விடை என்னவாக இருக்கும் என்று எழுதி வைத்துக்கொள்.

நிலாமுற்றம்:
செய்தேன் அண்ணா. நீளம் கால் பங்கானால் நேரமும் கால் பங்காகும், அதாவது 10 நொடி வரும் என்று எழுதி வைத்தேன். 1 மீட்டருக்கு 40.3 நொடி. 25 சென்டிமீட்டருக்கு 20.2. மூன்று தடவை பார்த்தேன், பாதிதான் வருகிறது! இன்னொரு நட்டையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன், நேரம் மாறவே இல்லை. கனமானது வேகமாக ஆடும் என்று தம்பி பந்தயம் கட்டியிருந்தான். ஏன் பாதி? ஏன் கனம் கணக்கில் வரவில்லை?

ஊசல்குண்டு:
ஐயா, இந்த இரண்டு "ஏன்" வந்த பிறகு கணக்கைக் கொடுத்தால் யாரும் குரூப் மாற மாட்டார்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

கரும்பலகை:
அந்த "ஏன்" வந்தது எனக்கும் சந்தோஷம். ஆனால் பதிலைப் பார். கனம் விலகுவதைச் சொல்லிவிடலாம்: இழுக்கும் விசையும் நிறையைப் பொறுத்தது, நகர மறுக்கும் தன்மையும் நிறையைப் பொறுத்தது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை உங்கள் பாடத்தில் இருக்கும் முறையில் முழுமையாகத் தருவிக்க வகையிடலுக்கு வர வேண்டும். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் "ஏன்" வரும்வரை நான் காத்திருக்க முடியாது. அந்தப் பதினைந்து நாளை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆனாலும் உனக்கு மட்டும், அம்மா, எழுத்துக்கள் இல்லாமல் எண்ணில் சொல்கிறேன். கையிலிருந்து விட்ட கல் விழும் தூரம், மீட்டரில், சுமாராக 5 × நேரம் × நேரம். 2 நொடியில் 20 மீட்டர். 2.1 நொடியில் 22.05. இடையில் 0.1 நொடிக்கு 2.05 மீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 20.5. இப்போது 2க்கும் 2.01க்கும் இடையில் பார், 20.05 வரும். 2க்கும் 2.001க்கும் இடையில் 20.005. இடைவெளியைச் சுருக்கச் சுருக்க எதை நெருங்குகிறது? அதுதான் சரியாக 2 நொடி ஆகும் அந்தக் கணத்தில் கல்லின் வேகம். உங்கள் ஆசிரியர் எழுதிய டிஎக்ஸ் பை டிடி இதுதான்.

ஊசல்குண்டு:
ஐயா, உங்கள் பதினைந்து நாளும் இப்படி எண்ணில் தொடங்கியிருந்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எங்களுக்கு முதல் நாளே சூத்திரப் பட்டியல்தான் கொடுத்தார்கள்.

நிலாமுற்றம்:
நானே 3 நொடிக்குப் போட்டுப் பார்த்தேன் ஐயா, 30ஐ நெருங்குகிறது. குரூப் மாற்றும் விண்ணப்பத்தை வாங்கப் போவதில்லை. ஒரே ஒரு சந்தேகம். இடைவெளியை எவ்வளவு சுருக்கினாலும் 20.0005, 20.00005 என்றுதான் வருகிறது, 20 வரவே இல்லை. இடைவெளியைப் பூச்சியம் ஆக்கினால் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வருகிறது. அப்படியானால் 20 என்று எப்படி அடித்துச் சொல்கிறோம்?