'கோ' என்றால் 'போ' என்று எழுதினால் போதுமா?

வழித்துணை:
பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலம் கற்க வருகிற பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களுக்காக ஒரு சிறு வினைச்சொல் அகராதி தயாரித்து வருகிறேன். ஆங்கில 'கோ' (go) என்ற வினைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெரிய அகராதிகள் பக்கம் பக்கமாகப் பொருள் தருகின்றன. அத்தனையையும் தள்ளிவிட்டு, 'போ' என்ற ஒரே சொல்லை எழுதினால் போதும் என்கிறேன் நான். 'ஐ ஆம் கோயிங் டு ரைட்' என்பதற்கு நம்மிடம் 'எழுதப்போகிறேன்' இருக்கிறது. 'இட் வென்ட் பேட்' என்றால் 'கெட்டுப்போயிற்று'. இரண்டிலும் யாரும் எங்கும் நடந்து போகவில்லை, ஆனாலும் இரு மொழிகளிலும் போகிற வினைதான் வேலை செய்கிறது. கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஏன் இருபது பொருளாக உடைத்துப் பயமுறுத்த வேண்டும்?

சொல்நிறை:
ஐயா, நான் மொழிபெயர்ப்பை வாழ்க்கையாகக் கொண்டவள். இப்படி ஒரு அகராதி வெளிவந்தால் அதனால் விளையும் தவறுகளைத் திருத்துவது என்னைப் போன்றவர்கள் தலையில்தான் விழும். 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்ற வரியை ஒருவர் 'அலாரம் போய்விட்டது' என்று எழுதிக் கொடுத்தார். அலாரம் அடித்தது என்பதுதான் பொருள். அதே 'வென்ட் ஆஃப்' குண்டுக்கு வந்தால் வெடித்தது, விளக்குக்கு வந்தால் அணைந்தது, பாலுக்கு வந்தால் திரிந்துபோனது. ஒன்று ஓசையோடு தொடங்குவது, இன்னொன்று அடங்கி நிற்பது. நேர் எதிரான இந்த இரண்டையும் 'போ' என்ற ஒற்றைச் சொல்லால் எப்படிக் கற்பிப்பீர்கள்? 'தி கார் வோன்ட் கோ' என்றால் கார் ஓட மறுக்கிறது. 'தி ஸ்டோரி கோஸ்' என்றால் கதை அப்படிச் சொல்லப்படுகிறது. 'தீஸ் கலர்ஸ் கோ வெல்' என்றால் நிறங்கள் பொருந்துகின்றன. இவற்றில் ஒன்றுக்காவது 'போ' பொருந்துமா?

வழித்துணை:
அம்மா, நீங்கள் காட்டியவற்றுள் பாதி 'ஆஃப்' என்ற ஒட்டின் வேலை. அதைத் தனிப் பதிவாக வைப்பேன். மற்றவற்றில் அடிப்படைப் பொருள் மறையவில்லை. இயந்திரம் இயங்குவதும், கதை நகர்வதும், நிறங்கள் சேர்ந்து போவதும் இயக்கம்தானே? நாமும் 'இரண்டும் ஒத்துப்போகின்றன' என்கிறோம். அந்த ஓர் இயக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

வேர்தேடி:
இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக இருக்க முடியாது. நம் 'ஏகு' என்ற வினையே 'கோ' ஆகியிருக்க வேண்டும். 'ஏகினான்' என்றால் போனான். முதல் உயிர் உதிர்ந்து 'கு' நின்று, அது 'கோ' ஆனது. தமிழின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று. அகராதியில் இதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

ஓலைச்சுவடி:
நண்பர் வேர்தேடிக்குத் தமிழின் மேல் இருக்கும் அன்பை மதிக்கிறேன். எனக்கும் அது குறைவில்லை. அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. 'கோ' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'கான்'. டச்சு மொழியில் இன்றும் 'கான்', ஜெர்மனில் 'கேயன்'. இவை ஒரு தாய்மொழியின் பிள்ளைகள் என்பது ஒரு சொல்லை வைத்துச் சொன்னதன்று. நூற்றுக்கணக்கான சொற்களில் ஒலிகள் ஒழுங்காக ஒத்துவருவதை வைத்துச் சொன்னது. 'ஏகு' உறவு என்றால் அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் வர வேண்டும். சிறு சொற்களுக்கு இடையே இப்படி ஒரு சாயலை எந்த இரண்டு மொழிகளுக்குள்ளும் காட்டலாம். நம் 'ஒன்று' ஆங்கிலத்தின் 'ஒன்' போலத்தான் ஒலிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்ஸ்', லத்தீனில் 'ஊனுஸ்'. பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை விலகுகிறது. உண்மையான உறவு பின்னோக்கிப் போனால் நெருங்க வேண்டும்.

'எழுதப்போகிறேன்' பற்றிய ஒற்றுமை பெரிய செய்திதான். ஆனால் பிரெஞ்சும் ஸ்பானிஷும்கூடப் போகிற வினையை வைத்தே எதிர்காலம் சொல்கின்றன. அடுத்து நடக்க இருப்பதைப் பாதையில் முன்னால் இருக்கும் இடமாகப் பார்ப்பது மனித மனத்தின் பழக்கம். உறவே இல்லாத மொழிகளும் அங்கே வந்து சேர்கின்றன.

வேர்தேடி:
ஒலிமாற்றம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் தமிழ் ஒப்பீடே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஓலைச்சுவடி:
ஒதுக்கவே மாட்டேன். உறவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒப்பீடு எனக்கு இன்னும் இனிக்கிறது. வழித்துணை அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல்', 'ஐ ஆம் கோயிங் டு ஸ்லீப்' இரண்டும் பார்வைக்கு ஒன்று. பேச்சில் இரண்டாவது வகை 'கன்னா' என்று தேய்ந்தது. 'ஐ ஆம் கன்னா ஸ்லீப்' என்பார்கள். 'ஐ ஆம் கன்னா ஸ்கூல்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். அதாவது, பேசுகிறவரின் நாவே அவற்றை இரண்டு வினைகளாகப் பிரித்துவிட்டது. அடிப்படைப் பொருள் ஒன்றே என்ற வாதம் இங்கே தளர்கிறது.

புதுமழை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கற்கும் இடத்தில் இருப்பவள். 'கோ' என்பதற்கு இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? போ, போனான், போவான் என்று நம்மிடம் ஒரே குடும்பமாக வருகிறதே. ஆசிரியரிடம் கேட்டால் மனப்பாடம் செய் என்கிறார்.

ஓலைச்சுவடி:
இந்தக் கேள்விக்காகவே நான் இந்த இழையில் காத்திருந்தேன். 'வென்ட்' வேறொரு வினையின் இறந்தகாலம். அந்த வினை 'வெண்டு'. ஆங்கிலத்தில் அதன் கடைசி ஒலி மெலிந்து ஒலிக்கும், 'வென்ட்' என்பதில் வலிந்து ஒலிக்கும். 'செண்டு' என்பது 'சென்ட்' ஆவது போல, 'லெண்டு' என்பது 'லென்ட்' ஆவது போல, 'வெண்டு' என்பது 'வென்ட்' ஆனது. அதன் பழைய பொருள் திருப்புதல், திரும்புதல். சுற்றுவதைக் குறிக்கும் 'வைண்ட்' என்ற வினையிலிருந்து பிறந்த பிறவினை அது. நம் 'சுழல், சுழற்று' போன்ற இணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'கோ' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஏயொடெ' என்ற இறந்தகாலம் இருந்தது. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். ஆக, 'கோ' நெடுங்காலமாகவே இறந்தகாலத்தைக் கடன் வாங்கி வாழ்ந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டளவில் தென் இங்கிலாந்தில் 'வென்ட்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பறிகொடுத்த 'வெண்டு' தனக்கென்று 'வெண்டட்' என்ற புதிய இறந்தகாலத்தைச் செய்துகொண்டது. ஸ்காட்லாந்தில் 'கேட்' என்ற ஒழுங்கான வடிவமும் வழங்கியிருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகள் 'கோட்' என்று தவறாகச் சொல்வது எவ்வளவு நியாயமான தவறு என்று பாருங்கள்.

ஒழுங்கற்ற வினைகள் ஏன் நீடிக்கின்றன என்பதை 2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளில் 98 மட்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதிகம் புழங்குபவைதான் மாறாமல் நிற்கின்றன. நாள்தோறும் காதில் விழுவதை யாரும் மறப்பதில்லை.

புதுமழை:
நன்றி ஐயா. இனி அதை நான் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, கதையாகவே நினைவிருக்கும்.

சொல்நிறை:
அருமையான விளக்கம். ஆனால் நான் கேட்டது அப்படியே நிற்கிறது. 'கெட்டுப்போயிற்று' என்ற எடுத்துக்காட்டுக்கே வருகிறேன். 'கோ மேட்' (பித்துப்பிடித்தல்), 'கோ பிளைண்ட்' (பார்வை இழத்தல்), 'கோ மிஸ்ஸிங்' (காணாமல் போதல்) எல்லாம் கேடு. 'கம் ட்ரூ' (நனவாதல்), 'கம் அலைவ்' (உயிர்பெறுதல்) எல்லாம் நன்மை. ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1974இல் இதை எழுதினார்: இயல்பு நிலையை நோக்கி வருவதற்குக் 'கம்', அதைவிட்டு விலகுவதற்குக் 'கோ'. நாமும் உடம்பு தேறி வருகிறது, காணாமல் போனது என்கிறோம். இதுவரை உங்கள் பக்கம்தான் ஐயா. ஆனால் தமிழில் வியந்துபோனேன், மகிழ்ந்துபோனார், பழகிப்போயிற்று என்கிறோமே? அங்கே கேடு இல்லை. நம் கட்டுப்பாட்டை மீறி நேர்வதைச் சொல்கிறோம். அவற்றில் எதற்கும் ஆங்கிலத்தில் 'கோ' வராது. மறுபுறம் 'கோ லைவ்' (நேரலைக்கு வருதல்), 'கோ பப்ளிக்' (நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு விற்கத் தொடங்குதல்) என்பவை திட்டமிட்டே செய்பவை, அவற்றுக்குத் தமிழில் 'போ' வராது. இரண்டு வட்டங்களும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது ஒன்று. 'அப்பா வெளிநாடு போயிருக்கிறார்.' அவர் இப்போது அங்கே இருக்கிறாரா, போய்த் திரும்பிவிட்டாரா? தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆங்கிலம் தராது. அங்கேயே இருந்தால் 'ஹி ஹாஸ் கான்', திரும்பிவிட்டால் 'ஹி ஹாஸ் பீன்'. என் உறவினர் ஒருவர் வேலைக்கான நேர்காணலில், பயிற்சிக்காக வெளிநாடு போய்வந்ததை 'ஐ ஹேவ் கான்' என்று சொன்னார். எதிரே உட்கார்ந்திருப்பவரே நான் போய்விட்டேன் என்கிறாரே என்று கேட்டவர் முகம் சுளித்தது அவர் மனதில் இன்றுவரை இருக்கிறது. அவருக்குத் திறமை குறைவில்லை. 'கோ' என்றால் 'போ' என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பினார்.

வழித்துணை:
இந்தக் கடைசி எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. என் மாணவர்கள் இதே தவறைச் செய்கிறார்கள், நானும் பலமுறை கவனிக்காமல் விட்டிருக்கிறேன். 'போயிருக்கிறார்' என்பதற்கு மட்டும் தனிக்கட்டம் போட்டு இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் தருகிறேன். 'வென்ட் ஆஃப்' நான்கு எடுத்துக்காட்டுகளோடு வரும்.

ஆனால் முதல் வரியில் 'போ' என்பதே நிற்கும் அம்மா, அதை எடுக்கமாட்டேன். 'டூ இயர்ஸ் அகோ' என்பதில் உள்ள 'அகோ' கழிந்துபோனது என்ற பொருளுடைய பழைய வினையின் எச்சம். அதற்குள்ளும் இந்தக் 'கோ' இருக்கிறது. 'போன வருடம்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது ஒரு நொடியில் விளங்குகிறது. வகுப்பில் அந்த நொடியில் அவர்கள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்நிறை:
முதல் வரியில் இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியிலேயே அந்தக் கட்டம் வரட்டும், பக்கத்தின் அடியில் வேண்டாம்.