வடக்குச் சுவர்ப் பலகை இற்றுப்போச்சு: ஒட்டுப் போடலாமா, முழுதாக மாற்றணுமா?

பாத்தெல்வாசி – ஜூன் 28

எல்லோருக்கும் வணக்கம். சியாட்டிலுக்கு வடக்கே பாத்தெலில் இருக்கிறோம். 1984-இல் கட்டிய வீடு, நாங்கள் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வெளிச்சுவர் முழுக்க டி-1-11 என்கிற, நெடுக்காகப் பள்ளம் போட்ட பிளைவுட் ஷீட்.

கராஜ் கூரை வந்து வீட்டின் வடக்குச் சுவரில் முட்டுகிற இடம் இருக்கிறதே, அந்தக் கூரை முடிகிற மூலைக்கு நேர்கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று போன சனிக்கிழமை இறங்கினேன். ஸ்க்ரூடிரைவரை லேசாக வைத்ததும் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் முனையில் காபி சக்கை மாதிரி ஈரமான கறுப்புத் துகள், பாழுங்கிணற்று வாடை. தட்டிப் பார்த்ததில் மூன்றடி அகலம், நாலடி உயரத்துக்கு மெத்தென்று இருக்கிறது. கராஜுக்குள்ளே அதே சுவரோரம் சொரசொரப்பான மரத்தூள் சின்னக் குவியலாகக் கிடக்கிறது, பெரிய கறுப்பு எறும்புகளும் ஓடுகின்றன.

இரண்டு பேரை வரவழைத்தேன். ஒருவர் வீடு முழுக்க மாற்றியே ஆகணும் என்று 40 ஆயிரம் டாலருக்கு மேல் சொன்னார். இன்னொருவர், கெட்டுப்போன சதுரத்தை மட்டும் வெட்டிவிட்டு வேறு துண்டு வைத்து, சுற்றிலும் இடுக்கை அடைக்கிற காக்கிங் பசை போட்டால் போதும், அரை நாள் வேலை என்றார். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் செப்டம்பரில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா தங்கப்போகிறார்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள சுவரோரம் அவர்களைப் படுக்கவைக்க மனசில்லை. யார் சொல்வது சரி?

ரென்டன் மரவேலை – ஜூன் 28

தம்பி, இந்தப் பக்கத்தில் பதினைந்து வருஷமாகச் சைடிங், அதாவது வெளிச்சுவர்ப் பலகை வேலைதான் செய்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பலகையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியணும். அது தெரியாமல் புதுப் பலகை போட்டால் நாலைந்து வருஷத்தில் இதே இடத்தில் மறுபடி ஸ்க்ரூடிரைவர் இறங்கும்.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கராஜ் கூரையின் கீழ்முனை சுவரைத் தொடுகிற இடத்தில், தண்ணீரைச் சுவரைவிட்டு வெளியே தள்ளுகிற மாதிரி வளைந்த தகடு ஒன்று இருக்கிறதா? அங்கே கட்டர், அதாவது கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கிற வாய்க்கால், சுவரோடு ஒட்டி முடிகிறதா? கீழே மண்ணோ மரப்பட்டைத் தூளோ பலகையைத் தொடுகிறதா? ஸ்பிரிங்க்ளர் அந்தப் பக்கம் தெளிக்கிறதா?

எறும்பு பற்றி: அவை கார்ப்பென்டர் எறும்புகளாக இருக்கும். கறையான் மாதிரி மரத்தைத் தின்னாது, குடைந்து கூடு கட்டும், தூளை வெளியே தள்ளும். ஈரத்தில் இளகிய மரம் என்றால் அவற்றுக்குக் கொள்ளை ஆசை.

பாத்தெல்வாசி – ஜூன் 29

ஏணி போட்டுப் பார்த்தேன் அண்ணா. வளைந்த தகடு எதுவும் இல்லை. கட்டர் சுவரை ஒட்டியபடி முடிகிறது, அதன் கடைசி மூடிக்குப் பின்னால் பலகை கன்னங்கரேல் என்று இருக்கிறது, பாசியும் படர்ந்திருக்கிறது. யாரோ முன்பே அந்த மூலையில் காக்கிங்கை அள்ளி அப்பியிருக்கிறார்கள், மூன்று அடுக்காவது இருக்கும். கீழே மரப்பட்டைத் தூள் பலகையின் அடிவிளிம்பை மூடிக் கிடக்கிறது. ஸ்பிரிங்க்ளர் இல்லை.

சென்னையில் நாங்கள் பார்க்காத மழையா? அங்கே எந்தச் சுவரும் இப்படி ஆகலையே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ரென்டன் மரவேலை – ஜூன் 29

அந்தத் தகடு இல்லாததுதான் வினை. கிக்-அவுட் ஃபிளாஷிங் என்று பெயர். கூரைச் சரிவில் சுவரோரமாக இறங்குகிற தண்ணீர் முழுதும் அந்த ஒரு மூலைக்குத்தான் வந்து சேரும். தள்ளிவிட தகடு இல்லையென்றால் கட்டரின் மூடிக்குப் பின்னால் புகுந்து பலகைக்குள் இறங்கும். பத்து டாலர் சில்லறைக்குக் கிடைக்கிற தகடு. இது இல்லாமல் சுவர் இற்றுப்போனதை இந்த ஊரில் எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

காக்கிங் அப்பியது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கும். தண்ணீர் பின்பக்கமாக வருகிறது, பசை முன்பக்கத்தை அடைக்கிறது. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. இரண்டாமவர் சொன்ன ஒட்டு வேலையும் இதேதான்.

சென்னைக் கேள்வி நியாயமானது. சியாட்டிலின் வருஷ மழை 1000 மி.மீ.கூட இல்லை, சென்னையில் சுமார் 1400 மி.மீ. ஆனால் அங்கே கொட்டித் தீர்த்ததும் வெயில் வந்து காயவைத்துவிடும், சுவரும் செங்கல். இங்கே அக்டோபரில் ஆரம்பிக்கிற தூறல் மார்ச், ஏப்ரல் வரை நசநசவென்று விழுந்துகொண்டே இருக்கும். வடக்குச் சுவருக்கு அந்த மாதங்களில் வெயிலே கிடையாது. மரத்தின் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தொட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும், 20-க்குக் கீழே இறங்கினால் அதன் வேலை நின்றுவிடும். ஆகவே மழையைத் தடுப்பது பாதி வேலை, நனைந்தது காய வழிவிடுவது மீதிப் பாதி.

பலகையைக் கழற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து டி-1-11 வீடுகள் நிறையவற்றில் பலகைக்குப் பின்னால் வேறு பிளைவுட் கிடையாது, நேரே ஸ்டட் கட்டைகள்தான், சுவருக்குள் நெடுக்காக நிற்கிறவை. அந்தப் பலகைதான் சுவர் பக்கவாட்டில் சாயாமல் இழுத்துப் பிடிக்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கப் பகுதி. மொத்தச் சுவரையும் ஒரே நாளில் உரித்துப்போடாதீர்கள், ஒவ்வொரு ஷீட்டாகப் போங்கள்.

பர்னபி – ஜூன் 30

வான்கூவர் பக்கம் இருந்து எழுதுகிறேன். இங்கே 1980களிலும் 90களிலும் கட்டின அடுக்குமாடி வீடுகள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் உள்ளுக்குள்ளேயே உக்கிப்போயின. வெளியால் பார்த்தால் பளபளப்பு, சுவரைத் திறந்தால் கட்டை பிட்டு மாதிரி உதிரும். சேமிப்பு முழுவதையும் பழுதுபார்க்கவே கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. 1998-இல் இந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு இங்கே கட்டுகிற முறையே மாறிவிட்டது. பலகையைச் சுவரோடு ஒட்ட அடிப்பதில்லை. ஹவுஸ் ராப்புக்கு (சுவரைச் சுற்றிப் போர்த்துகிற, தண்ணீர் புகாத உறை) மேல் நெடுக்காகச் சின்னச் சட்டங்கள் அடித்து, அதற்கு மேல்தான் பலகை. நடுவில் 10 மி.மீ. இடைவெளி. பலகையைத் தாண்டி வருகிற தண்ணீர் அந்த இடைவெளியில் கீழே வடிந்துவிடும், காற்றும் ஓடும். ரெயின்ஸ்கிரீன் என்று கதைக்கிறது இதைத்தான். எப்படியும் ஒரு சுவரைத் திறக்கப்போகிறீர்கள், இதையும் செய்துவிடுங்கோ. அடியிலும் மேலேயும் பூச்சி வலை வைக்க மறக்க வேண்டாம்.

கிர்க்லண்ட் தோட்டம் – ஜூன் 30

மரப்பட்டைத் தூளை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே 6 அங்குலமாவது இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பழசை எடுக்காமல் புதுசை மேலே மேலே கொட்டியதில் அடிவிளிம்பு முழுதும் போய்விட்டது. உங்கள் வீடு 1984 என்பதால் பெயின்டில் ஈயம் இருக்குமோ என்ற பயம் பெரிதாக வேண்டாம். ஈயப் பெயின்டை 1978-இல் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வீடு வைத்திருக்கிறவர்கள் சோதிக்காமல் சுரண்டக் கூடாது.

பாத்தெல்வாசி – ஜூலை 14

முதல் ஷீட்டைக் கழற்றினேன். அண்ணா சொன்னது போலவே பின்னால் பிளைவுட் இல்லை. கறுப்புத் தார்க் காகிதம், அதுவும் மூலையில் கிழிந்து தொங்குகிறது. கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து கனத்துக் கிடந்தது. தண்ணீர் வந்த பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போக முடிந்தது: கூரை மூலையில் கட்டைவிரல் அகலத்தில் ஆரம்பிக்கிற கறுப்புக் கறை, கீழே வர வர விசிறி மாதிரி விரிகிறது. ஒரு ஸ்டட்டின் அடியில் ஓரடி போய்விட்டது. பக்கத்து ஸ்டட்டின் ஓரம் மட்டும் இளகியிருக்கிறது. அடியில் படுத்திருக்கும் கட்டை மருந்தேற்றிய மரம் என்பதால் உறுதியாக இருக்கிறது. மரத்தின் ஈரத்தை அளக்கிற ஊசி மீட்டர் 34 சதவீதம் காட்டியது.

ஃபேன் வைத்துக் காயவிட்டிருக்கிறேன். ஸ்டட்டை நானே மாற்றலாமா? அப்புறம், மறுபடி டி-1-11 போடவா, இழை கலந்த சிமென்ட் பலகை (ஃபைபர் சிமென்ட்) போடவா?

ரென்டன் மரவேலை – ஜூலை 14

ஓரம் இளகிய ஸ்டட்டில் கெட்டதைச் செதுக்கிவிட்டு, போராக்ஸ் வகை மரக்காப்பு மருந்து பூசி, பக்கத்தில் புதுக் கட்டை சேர்த்து அடிக்கலாம், அதை நீங்களே செய்யலாம். அடி போன ஸ்டட் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குகிறது. அதற்குத் தற்காலிக முட்டுக் கொடுத்துச் செய்யத் தெரிந்த தச்சர் வேண்டும், நகர கட்டட அலுவலகத்தில் அனுமதி பற்றியும் கேளுங்கள். இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

மீட்டர் 19-க்குக் கீழே வரும் வரை எதையும் மூட வேண்டாம்.

சைடிங்குக்கு என் கருத்து ஃபைபர் சிமென்ட். பூஞ்சைக்கு அதில் தின்ன எதுவும் இல்லை. ஆனால் அது டி-1-11 மாதிரி சுவரை இழுத்துப் பிடிக்காது. ஆகவே முதலில் ஸ்டட் மேல் அரை அங்குல பிளைவுட், ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஓர் ஆணி. அதற்கு மேல் ஹவுஸ் ராப். ஓட்டு வீடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள், கீழ்வரிசையில் தொடங்கி மேல்வரிசை அதன்மீது ஏறி உட்காரும். இங்கே எல்லாமே அந்தக் கணக்குத்தான். ராப், தகடு, பலகை எதுவானாலும் மேலே இருப்பது கீழே இருப்பதன் வெளிப்பக்கம் வரணும். கூரை சுவரைத் தொடுகிற ஓரத்தில் படிப்படியாக அடுக்குகிற தகடுகளின் மேல்விளிம்பு ராப்புக்கு உள்ளே போகணும், வெளியே நின்றால் தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

அப்புறம் பர்னபி நண்பர் சொன்ன சட்டங்கள், ஸ்டட் இருக்கும் இடத்தில் மட்டும். பலகை ஒன்றின்மேல் ஒன்று குறைந்தது ஒன்றேகால் அங்குலம் ஏறணும். கராஜ் கூரை ஷிங்கிளுக்கும் (கூரை மேல் வரிசையாக அடிக்கிற ஓடு) பலகைக்கும் நடுவே 2 அங்குலம் விடுங்கள். வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் பெயின்ட், அங்கேதான் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு பலகை சேரும் இடத்தில் பின்னால் தகட்டுத் துண்டு வையுங்கள், பசை வேண்டாம். வெட்டுவதை வெளியே, நல்ல மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். அந்தச் சிலிக்கா தூசு நுரையீரலை விட்டுவைக்காது, பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இந்தச் சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை மாற்றினால் போதும். மற்ற மூன்று சுவர்களைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வீடு முழுக்க உரிக்க எந்த அவசியமும் இல்லை.

பாத்தெல்வாசி – ஆகஸ்ட் 23

முடித்துவிட்டோம். ஒன்பது நாளில் மீட்டர் 16-க்கு வந்தது. ஸ்டட்டுக்கு அனுமதி வாங்கி ஒரு தச்சரை வைத்துச் செய்தேன், மற்றதெல்லாம் நானும் நண்பர் ஒருவரும். எறும்புக் கூடு அந்த மக்கிய கட்டைக்குள்ளேயே இருந்தது, அதோடு போயிற்று.

கிக்-அவுட் தகட்டைச் செருக ஷிங்கிளின் கடைசி வரிசையை மெல்ல நெம்பித் தூக்க வேண்டியிருந்தது. பலகையை மூடுவதற்கு முன் ஹோஸ் பிடித்துச் சோதித்தோம். மேலே ஆரம்பித்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால் கீழிருந்து ஒவ்வோர் அடியாக மேலே போனோம். கூரை மூலைக்கு வந்தபோது தண்ணீர் சுவரோரம் ஓடி வந்து, தகட்டின் வளைவில் திரும்பி, ஒரு கயிறு மாதிரி நேரே கட்டருக்குள் விழுந்தது. என் மனைவி கீழே நின்று ராப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை.

பாத்தெல்வாசி – நவம்பர் 19

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு எழுதுகிறேன். உள்பக்கம் ஒரு ஸ்விட்ச் பெட்டி வழியாக ஸ்டட்டில் மீட்டர் வைத்தேன், 14. அப்பா அம்மா அந்த அறையில்தான் இருக்கிறார்கள், வாடை எதுவும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். மேற்குச் சுவரில் கீழ்விளிம்பு ஓர் அங்குல உயரத்துக்கு மட்டும் லேசாக உப்பியிருக்கிறது. மேலே கெட்டியாகத்தான் இருக்கிறது. இப்போதே கழற்றணுமா?

ரென்டன் மரவேலை – நவம்பர் 20

வேண்டாம் தம்பி, மழைக்காலத்தில் சுவரைத் திறக்காதீர்கள். இப்போதைக்குச் சுவரோர மண்ணை 6 அங்குலம் கீழே இறக்கி, மழைக்குழாயின் வாயைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். ஜூலையில் காய்ந்ததும் உப்பிய பாகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள். வெட்டிய விளிம்புக்கு இரண்டு கை பிரைமர் கொடுங்கள். கீழே அகலமான தகட்டுப் பட்டை ஒன்றை, அதன் மேல்விளிம்பு பலகைக்குப் பின்னால் போகிற மாதிரிச் செருகிவிடுங்கள். வெட்டும்போது உள்ளே கறுப்பு தெரிந்தால் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.