கலப்பின நானோ துகள்: குறி தவறாத அம்பாம்!

மருந்துக்கடைக்காரன்:
"மருந்தைச் சுமக்க, பாலிமரும் கொழுப்பும் சேர்ந்த கலப்பின நானோ துகள் வந்தாச்சு, இனி கீமோ மருந்து புற்றுநோய்க் கட்டிக்குள் மட்டும்தான் போகும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2016-இல் டொரான்டோ பல்கலைக்கழகக் குழு பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலைக் கணக்கில் (மீடியன்), 0.7 சதவீதம். பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் தீனி.

துகள்பித்தன்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். உள்ளே உடலில் கரையும் பிஎல்ஜிஏ பாலிமரில் மருந்து, சுற்றி லெசித்தின் என்ற கொழுப்பு உறை, வெளியே பெக் (PEG) என்ற பாலிமர் இழைகள். உறை கசிவைக் குறைக்கும். இழை, நோய் எதிர்ப்புச் செல்களிடம் சிக்காமல் காக்கும். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கரைத்த பிஎல்ஜிஏ-வை லெசித்தின் கலந்த சூடான நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் நீர் பால் நிறத்தில் கலங்கும். பார்த்ததுண்டா நீங்கள்?

மருந்துக்கடைக்காரன்:
கலங்கட்டும். 0.7.

சோதனைஎலி:
அது எலிக் கணக்கு சார். துகள் இல்லாமல் வெறும் மருந்தை ஏற்றினால் எவ்வளவு சேரும்? அதையும் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
எலியிலேயே போகாதது மனிதனுக்குள் போய்விடுமா? 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற நானோ கீமோ மருந்து இதயத்துக்கு வரும் கேட்டைக் குறைத்தது, சரி. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகிறதே, குறி தவறாத அம்புக்கு அங்கே என்ன வேலை?

துகள்பித்தன்:
டாக்சில் வெறும் லிபோசோம், கொழுப்புக் குமிழி. நான் பேசுவது கலப்பினம். தலைப்பையாவது படியுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
உங்கள் கலப்பினம் 2008-லேயே ஏசிஎஸ் நானோ இதழில் வந்தாயிற்று. என் கடை அலமாரிக்கு எப்போது வரும்? 0.7-க்கும் இன்னும் பதில் வரவில்லை.

சும்மாவாசகன்:
அண்ணே, கோவிட் ஊசியில் போட்டதும் இதுதானா?

சோதனைஎலி:
இல்லை தம்பி, ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருந்தது வெறும் லிப்பிட் (கொழுப்பு) துகள். தசையில் போட்டது, கட்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

துகள்பித்தன்:
சதவீதம் பேசுகிறவர் போன தீபாவளிக்கு இங்கேயே நானோ மஞ்சள் மாத்திரை விற்றாரே, அதில் எத்தனை சதவீதம் எங்கே போனதாம்?

மருந்துக்கடைக்காரன்:
விற்கவில்லை. கடையில் இருக்கிறது என்று தகவல் சொன்னேன்.

துகள்பித்தன்:
விலையோடு, தள்ளுபடியோடு!

மருந்துக்கடைக்காரன்:
கேட்டவருக்குச் சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். 0.7!

துகள்பித்தன்:
அந்தப் பதிவை இப்போது காணோமே. ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.