ஏரிக்குப் போறோம், தலைவலி விடல. நாளைக்குக் கிளம்பலாமா? அவசரம்

பாலாறு_பையன்:
வணக்கம். நாலு பேர் வந்திருக்கோம், எல்லாம் காட்பாடி பசங்க. கையில காசு கம்மி. நேத்து ராத்திரியிலேருந்து ஒருத்தனுக்கு தலைவலி, வாந்தி வேற. பாராசிட்டமால் போட்டும் விடல. நாளைக்கு விடிகாலையில ஏரிக்கு வண்டி சொல்லியாச்சு. அட்வான்ஸ் 3,000 கொடுத்துட்டோம், திருப்பித் தரமாட்டாராம். போயிடலாமா? ஸ்டவ்ல சோறும் சரியா வேகல, அரைவேக்காடுதான் சாப்பிட்டோம். சீக்கிரம் சொல்லுங்க, சிக்னல் வந்து வந்து போகுது.

குடியாத்தம்_கோபி:
எந்த ஏரிபா? ஏலகிரியா, கொடைக்கானலா? இப்ப எங்க கீறீங்க?

ஆம்பூர்_அடுப்படி:
அரைவேக்காட்டுச் சோறு வயித்துல நின்னா வாந்தி வராம என்ன வரும்? தலைவலியும் பித்தம்தான். இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் கொடுங்க. சரியாயிடும், தாராளமா கிளம்புங்க.

மலைப்பித்தன்:
எந்த ஏரி, எவ்வளவு உயரம், முந்தின ராத்திரி எங்க படுத்தீங்க, என்னைக்கு ஏறினீங்க, ஒண்ணுமே சொல்லல. இதைச் சொல்லாம கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. உயரத்துல ஆக்ஸிஜன் கம்மியாகி வர்ற உயர நோய் பத்தி நானே இங்க எத்தனையோ வாட்டி விளக்கமா எழுதியிருக்கேன். கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் படிக்கிற பொறுமைகூட இல்லாதவங்க மலைக்கு வரக்கூடாது.

ராணிப்பேட்டை_அக்கா:
பிள்ளைங்க பயந்துபோய் கேட்குதுங்க, இப்ப போய்ப் பாடம் எடுக்கணுமா? தம்பி, நான் நர்ஸ். இதுக்கு மட்டும் பதில் சொல்லு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குதா? இருமல் இருக்கா? பேச்சு குழறுதா? அவனை எழுப்பி, ஒரு காலோட குதிகால் இன்னொரு கால் கட்டைவிரலை ஒட்டுற மாதிரி அடி வச்சு, நேர்கோட்டுல நடக்கச் சொல்லு. தள்ளாடுறானான்னு பாரு. மது எதுவும் குடிச்சானா?

பாலாறு_பையன்:
சந்திரதால் அக்கா. இமாச்சலப் பிரதேசத்துல ஸ்பிதிங்கிற மலைப்பகுதியில காஸாங்கிற ஊர்ல ரூம் எடுத்திருக்கோம். காட்பாடியில கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கேருந்து ராத்திரி பஸ்ல மணாலி, மறுநாள் விடியக்காலையிலேயே அரசு பஸ்ல காஸா. ரூம் வாடகை மிச்சமாகும்னு எங்கயும் தங்கல. நடக்க வச்சுப் பார்த்தோம், நேராத்தான் நடக்கிறான். இருமல் இல்ல. குடிக்கல. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுதுங்கிறான்.

மலைப்பித்தன்:
இதை முதல்லயே எழுதியிருந்தா நேரம் மிச்சம். மணாலி சுமார் 2,050 மீட்டர். காஸா 3,650. நடுவுல குன்சும் கணவாய் 4,500-க்கு மேல. இத்தனையும் ஒரே பகல்ல. 3,000 மீட்டரைத் தாண்டினப்புறம் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கிற இடத்தோட உயரம் 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாதுங்கிறதுதான் கணக்கு. சந்திரதால் 4,250-க்கும் மேல. அங்க கடல்மட்டத்துல கிடைக்கிற ஆக்ஸிஜன்ல 60 சதவீதம்தான் மூச்சுல கிடைக்கும். அவனுக்கு வந்திருக்கிறது உயர நோய், சோத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆரணி_அண்ணாச்சி:
கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு மோந்துக்கினே போங்க தம்பி. எங்க ஊர்லேருந்து அமர்நாத் போனவங்க எல்லாம் அப்படித்தான் போனாங்க.

குடியாத்தம்_கோபி:
எல்லாத்துக்கும் காரணம் பயிற்சி இல்லாததுதான். மாசம் ரெண்டு தடவை ஏலகிரி ஏறி இறங்கியிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது.

ராணிப்பேட்டை_அக்கா:
கற்பூர வாசனையில மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏறாது. ஏலகிரி 1,100 மீட்டர்தான். அங்க ஏறினா கால் உரம் ஆகும். 3,600 மீட்டர் காத்துக்கு உடம்பு பழகாது. ஓட்டப்பந்தய வீரனுக்கும் உயர நோய் வரும்.

தம்பி, தலைவலியோட குமட்டலும் இருக்கிற வரைக்கும் ஒரு அடிகூட மேல ஏறக்கூடாது. காஸாவுல அரசு மருத்துவமனை இருக்கு, இப்பவே கூட்டிட்டுப் போங்க. உயர நோய்க்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரை யாராவது கொடுத்தா நீங்களா போட்டுடாதீங்க. அது சல்ஃபா வகை மருந்து, அவனுக்கு ஒத்துக்குமான்னு கேட்டுட்டு டாக்டர் கொடுக்கட்டும். தூக்க மாத்திரை வேணவே வேணாம். ராத்திரி ஒருத்தர் அவன் பக்கத்துல முழிச்சிருங்க. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு மாறினாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஆம்பூர்_அடுப்படி:
எங்க வீட்டுல ஐம்பது பேருக்கு பிரியாணி வடிக்கிறவன் நான். சோறு ஏன் வேகலன்னு எனக்குத் தெரியாதா? தீ பத்தல. ஸ்டவ்வை முழுசா திறந்துவிட்டா எந்த மலையிலயும் வேகும்.

மலைப்பித்தன்:
வேகாது. காஸா உயரத்துல தண்ணி 88 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சுடும். நீங்க எவ்வளவு தீ வச்சாலும் தண்ணி சீக்கிரம் ஆவியாகுமே தவிர, சூடு அதுக்கு மேல ஏறாது. குக்கர் வேணும்.

ஆம்பூர்_அடுப்படி:
அப்ப குக்கர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி மலைக்காரங்க எல்லாம் பட்டினியா கிடந்தாங்களா?

மலைப்பித்தன்:
அவங்க வறுத்த பார்லி மாவை டீயில பிசைஞ்சு சாப்பிட்டாங்க. வறுத்தாச்சுன்னா கொதிக்க வைக்க வேண்டிய வேலையே இல்ல.

ராணிப்பேட்டை_அக்கா:
அதுக்கு நம்ம அவல் போதுமே. வெந்நீர் ஊத்தி மூடி வச்சா ஊறிடும். உப்பு, கொஞ்சம் வெல்லம். கேஸும் மிச்சம். அரிசி மூட்டையை டெல்லி வரைக்கும் சுமந்துட்டுப் போக வேண்டியதும் இல்ல.

ஆம்பூர்_அடுப்படி:
அவல் எல்லாம் ஒரு சாப்பாடா? புழுங்கலரிசியை ஒரு ராத்திரி ஊறவச்சு வடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

கம்மவான்பேட்டை_ஹவில்தார்:
சோத்துச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். நான் பட்டாளத்துல லடாக்ல லே-யில இருந்தவன். 9,000 அடிக்கு மேல எங்களை அனுப்பினா முதல்ல 6 நாள் பழக விடுவாங்க. அதுல முதல் ரெண்டு நாள் வெறும் ஓய்வு, கழிப்பறைக்குப் போய் வர்ற நடைதான். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுவாங்க. 12,000 அடியைத் தாண்டணும்னா மறுபடியும் 4 நாள். நல்ல உடற்கட்டு இருக்கிற சிப்பாய்க்கே இந்தக் கணக்கு. சந்திரதால் 14,000 அடி.

இன்னொண்ணு கேளு தம்பி. காஸாவிலேருந்து ஏரிக்குப் போகணும்னா குன்சும் கணவாயை மறுபடி ஏறித்தான் ஆகணும். ஏரிப்பக்கம் போன் சிக்னல் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. கூடாரத்துல நடு ராத்திரி அவனுக்கு மூச்சு முட்டினா எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போவீங்க? கல்லும் ஓடையுமா கிடக்கிற பாதை அது. 3,000 ரூபாய் போனா போகட்டும். அட்வான்ஸுக்காக மேல ஏறினவங்களை இறக்கிக் கொண்டுவந்தவன் சொல்றேன். அவனைத் தனியா ரூம்ல விட்டுட்டு மத்த மூணு பேர் ஏரிக்குப் போகலாம்னும் நினைக்காதீங்க.

இறங்குறதுதான் வைத்தியம். காஸாவிலேருந்து ரிக்காங் பியோ போற பஸ் தாபோ வழியாத்தான் போகும். தாபோ 3,280 மீட்டர். முன்னூறு, நானூறு மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளிஞ்சுடும். அதுக்கும் விடலன்னா பியோ வரைக்கும் இறங்கிடுங்க.

பாலாறு_பையன்:
ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வச்சாங்க ஐயா. டாக்டரும் கீழ இறங்குன்னுதான் சொன்னார். காலை பஸ்ல போறோம்.

குடியாத்தம்_கோபி:
வண்டிக்காரர்கிட்ட டாக்டர் சீட்டைக் காட்டிப் பேசிப் பாருங்க. பாதியாவது தருவார்.

மலைப்பித்தன்:
அடுத்த வாட்டிக்குச் சொல்றேன், எழுதி வச்சுக்க. காசு கம்மின்னா ஷிம்லா வழியா வா. ஷிம்லா, ரிக்காங் பியோ, நாகோ, தாபோ, காஸா. எல்லாம் அரசு பஸ். ஊருக்கு ஒரு ராத்திரி, காஸாவுல ரெண்டு மூணு ராத்திரி, கடைசியா சந்திரதால் பார்த்துட்டு மணாலி இறங்கு. நாலஞ்சு ரூம் வாடகை கூடும், ஆனா ஆஸ்பத்திரிச் செலவு இல்ல, போன அட்வான்ஸும் இல்ல. வீட்டு அறைகள் மலிவாவே கிடைக்கும். ஏரிக்கரையில கூடாரம் போட அனுமதி இல்ல, சில கிலோமீட்டர் முன்னாடியே முகாம்கள் இருக்கு. மணாலி பஸ்ல வந்து பாதல்ங்கிற இடத்துல இறங்கி 14 கிலோமீட்டர் நடக்கிறவங்களும் உண்டு. அது உடம்பு பழகினவங்களுக்கு மட்டும்.

ராணிப்பேட்டை_அக்கா:
இப்ப எழுதினீங்களே, இதை முதல்லயே இப்படி எழுதியிருக்கலாம். தம்பி, போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு.

ஆம்பூர்_அடுப்படி:
அரிசி மீதி இருந்தா தாபோவுல யார்கிட்டயாவது குக்கர் வாங்கி வடிச்சுப் பாருங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

பாலாறு_பையன்:
தாபோ வந்துட்டோம். தலைவலி விட்டுடுச்சு, ரெண்டு ரொட்டி சாப்பிட்டான். ஏரி இந்த வாட்டி இல்ல. எல்லாருக்கும் நன்றி. சார்ஜ் இல்ல.

திருப்பத்தூர்_புதுசு:
நாங்க செப்டம்பர்ல இதே ஏரிக்குப் போறோம். ஷிம்லா வழியாவே போறோம். நாகோவுல ஒரு ராத்திரி போதுமா, ரெண்டு வேணுமா? கூட வர்ற ஒருத்தருக்கு பி.பி. மாத்திரை ஓடுது.

ராணிப்பேட்டை_அக்கா:
என்ன மாத்திரை, வயசு என்ன, இப்ப பி.பி. எவ்வளவு இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.