கல்யாணத்துக்கு முன்னாடியே மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?

நொய்யல்கரை:
ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்பம். அம்மாவுக்கு 46 வயசுல சினைப்பைப் புற்று. டெஸ்ட்ல பிஆர்சிஏ1ங்கற மரபணுவுல பரம்பரையா வர்ற கோளாறு உறுதியாயிருச்சு. மகளுக்கு 23. வரன் பார்க்கறாங்க, அம்மா கூடப்பொறந்த மாமனோட மகன் பேரும் அடிபடுது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கலாம்"னு பெரியவங்க சொல்றாங்க. இது தப்புங்க. கோளாறு பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருந்தா, 80 வயசுக்குள்ள மார்புப் புற்று வர வாய்ப்பு சுமார் 70 சதவீதம், சினைப்பைப் புற்றுக்கு 40ஐ ஒட்டி. 25ல வருஷாவருஷம் மார்பு எம்ஆர்ஐ ஆரம்பிக்கணும், 30ல மேமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) சேரணும்.

பவானி:
25க்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுங்களே. இன்னைக்கே தெரிஞ்சாலும் அந்தப் பொண்ணோட வைத்தியத்துல எதுவும் மாறாது. ஆனா சேதி தரகர் வரைக்கும் போயிரும், அப்புறம் யாராலயும் தடுக்க முடியாது. முதல்ல டெஸ்டுக்குப் போக வேண்டியது அம்மாவோட தங்கச்சி, சித்திங்க. 39 வயசு, ரெண்டு குழந்தைக போதும்னு முடிவு பண்ணவங்க. பிஆர்சிஏ1 இருந்தா 35லிருந்து 40க்குள்ள சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துரச் சொல்றது வழக்கம். வருஷத்துக்கு ஒருக்கா ஸ்கேனும் சிஏ 125ங்கற ரத்த டெஸ்டும் பார்த்தாப் போதும்னு நம்பக்கூடாது. ரெண்டும் ஆரம்ப நிலையிலயே பிடிச்சுக் குடுக்கும்னு சொல்ல முடியாது. எல்லாரும் கல்யாணத்தையே பேசறாங்க, சித்தியைப் பத்திப் பேச ஆளில்ல.

நொய்யல்கரை:
சித்தி முதல்ல, ஒத்துக்கறேன். மாமனை ஏன் விட்டீங்க? ஆம்பளைக்கு என்ன வரப்போகுதுன்னு விட்டுர்றாங்க. அவருக்கு இருந்தா, அவர் வழியா அவர் மகளுக்கும் போகலாம். நமக்குக் கூட்டம் (குலம்), பங்காளின்னு ஆம்பளை வழியாவே எண்ணிப் பழக்கம். அதனால குடும்ப வரைபடம் போடறப்ப அம்மாயி (அம்மாவோட அம்மா), கட்டிக்குடுத்த பொண்ணுக எல்லாம் விட்டுப்போறாங்க.

இன்னொண்ணு. மாமன் மகனையே கட்டி, ரெண்டு பேருக்கும் அதே கோளாறு இருந்தா, ஒவ்வொரு கருவுக்கும் ரெண்டு பக்கமிருந்தும் கோளாறு சேர கால்வாசி வாய்ப்பு. அந்தக் கரு பெரும்பாலும் நிக்காது. அபூர்வமாப் பிறந்தா, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கற ஃபான்கோனி சோகை மாதிரி கடுமையான நோய். தாலி கட்டுன பொறகு இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்னங்க பண்றது?

பவானி:
அதுக்கும் பொண்ணைத் தொட வேண்டியதில்ல. மாமனுக்கு எடுங்க. அவருக்கு இல்லைன்னா, அவர் வழியா மகனுக்கு அது வந்திருக்காது. இல்லைன்னு வந்துட்டா, ஒரே டெஸ்ட்ல அவர் பிள்ளைக அத்தனை பேருக்கும் பதில் கெடைக்குது.

கொடுமுடி லேப்:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. உறவுக்காரங்களுக்கு, அம்மாவோட மரபணுவுல கோளாறு இருக்கற அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தாப் போதும், செலவும் குறைவு. அதுக்கு அம்மாவோட ரிப்போர்ட் முழுசா வேணும். பெரும்பாலும் முதல் பக்கத்தை மட்டும் போன்ல படம் புடிச்சு அனுப்பறாங்க. கோளாறு எந்த இடம்னு எழுதியிருக்கற வரி அதுல இருக்காது. அது இல்லாம வேற இடத்தைப் பார்த்துட்டு "இல்லை"ன்னு வந்தா, அந்த நிம்மதி பொய். ஊதா மூடிக் குழாயில சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். அம்மா ரிப்போர்ட்ல "பாதிப்பு உறுதியில்லாத மாறுபாடு"ன்னு வந்திருந்தா, அதை வச்சு உறவுக்காரங்க யாரும் உறுப்பை எடுக்கற முடிவுக்குப் போகக்கூடாது. உறுதியான கோளாறு குடும்பத்துல இருந்து, ஒருத்தருக்கு அது இல்லைன்னு வந்தா, அவங்க ஆபத்து கிட்டத்தட்ட மத்தவங்க அளவுக்கு இறங்கிரும். பூஜ்யம் ஆகாது, வழக்கமான பரிசோதனை தொடரணும்.

படிவத்துல அப்பா நம்பரைப் போடறது இன்னொரு தொந்தரவு. பொண்ணோட ரிசல்ட் அவர் வாட்ஸ்அப்புக்குப் போய், அங்கிருந்து பங்காளிக குரூப்புக்குப் போயிருது. பொண்ணு நம்பரை மட்டும் எழுதுங்க.

பவானி:
இதைத்தானுங்க நானும் பயப்படறேன். மரபணு ஆலோசனை சொல்ற கவுன்சிலர்கிட்டப் பேசறப்பவும் அப்பா அம்மா வெளிய இருக்கட்டும். "இப்ப வேண்டாம்"னு அவ சொன்னா, 25 வரைக்கும் விட்டுரணும்.

நொய்யல்கரை:
விட்டுரலாம். ஆனா அம்மா ரிப்போர்ட்டை மறைச்சு நிச்சயம் பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன். கட்டிக்கப்போற பையன்கிட்ட அவளே சொல்லட்டும், தரகர் மூலமா வேண்டாம்.

பவானி:
அங்கதான் நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவரலீங்க. டெஸ்டே எடுக்காதவ அவங்கம்மா ரிப்போர்ட்டை எதுக்கு ஊருக்குக் காட்டணும்? மொதல்ல மாமனைக் கூட்டிட்டுப் போங்க.