சுருளின் மின்தடையைத் துல்லியமாக அளக்க வழி கூறுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் சிறு பட்டறை நடத்தி வருகிறேன். கரும்பாலையிலிருந்து வந்த மும்முனை மோட்டார் ஒன்றின் சுருள்கள் சமமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.15 ஓம் இருக்க வேண்டும். ஆனால் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டுவதால், அளக்க வேண்டியதைவிட அளக்கும் கம்பியின் தடையே பெரிதாகிவிடுகிறது.

தெரியாத தடையைத் தெரிந்த தடைகளோடு ஒப்பிட்டு அளக்கும் வீட்ஸ்டன் பாலமும் அமைத்துப் பார்த்தேன். சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சுழியில் நின்றாலும், இணைப்புக் கம்பியின் தடையும் பாலத்தில் சுருள் உள்ள கையிலேயே (பிரிவிலேயே) சேர்ந்துவிடுவதால் பிழை நீங்கவில்லை. மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனைகள் கொண்ட கெல்வின் இரட்டைப் பாலம் இதற்குப் பொருந்தும் என்று அறிவேன். அது என்னிடம் இல்லை.

எனவே, சுருளில் 1 ஆம்பியர் நேர் மின்னோட்டம் செலுத்தி, தனிக் கம்பிகளால் 150 மில்லிவோல்ட் அளவிலான வீழ்ச்சியை அளந்தால் போதுமா? இணைப்புகளில் வெப்பத்தால் எழும் சிறு மின்னழுத்தத்தை நீக்க, மின்னோட்டத்தின் திசையை மாற்றி இருமுறை அளந்து சராசரி எடுப்பது இந்த அளவில் அவசியமா? செம்பின் தடை டிகிரிக்குச் சுமார் 0.39 விழுக்காடு ஏறும் என்பதால், வாசிப்புகளை 20 டிகிரிக்கு மாற்றியே ஒப்பிடுகிறேன். அனுபவமுள்ளோர் அன்புகூர்ந்து விளக்குங்கள்.