கண்மாயை எந்தத் துறையில் பதிவு செய்வது?

கலிங்கு (தொடக்கப் பதிவு):
சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய ஆறு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன். சிவகங்கைப் பக்கம், ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போகும்படி தொடராக அமைந்த கண்மாய்கள் எப்படித் தூர்ந்துபோயின, அந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் கண்மாயைப் பற்றி என்ன கற்கிறார்கள், இவ்விரண்டிலும் நில உடைமைக்கும் சாதிக்கும் உள்ள பங்கு என்ன என்பதே என் கேள்வி. நீர்வளத் துறையில் இதைச் சமூகவியல் என்றார்கள். சமூகவியல் துறையில், பள்ளிக்கூடம் வருவதால் கல்வியியல் என்றார்கள். கல்வியியல் துறையில் எம்.எட். இருக்கிறதா என்று கேட்டார்கள். கேள்வியை வெட்டி ஒரு துறைக்குள் அடக்குவதா, பல்துறை ஆய்வாகவே ஏற்கும் இடத்தைத் தேடுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்:
வெட்டிவிடுங்கள். நீரியலில் பல ஆண்டுகள் நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கண்மாயின் இன்றைய கொள்ளளவை அறிய, உட்பரப்பின் மேடுபள்ளங்களை மட்டக்கருவியால் அளந்து (மட்டமெடுத்து), வண்டல் படிவை அளந்து, பழைய கணக்கில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிட வேண்டும். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று சொல்ல, வினாத்தாள் அமைத்து அதன் நம்பகத்தன்மையை முதலில் சோதிக்க வேண்டும். சாதியையும் நிலத்தையும் பற்றி எழுத, ஊரிலேயே தங்கி, மக்கள் உங்களிடம் மறைத்துப் பேசுவதை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றையும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஒருவரே செய்தால் மூன்றும் அரைவேக்காடாகவே வரும். ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போகிறது. அவர்களில் ஒருவர் நீரியலாளராக இருந்தால், உங்கள் சமூகவியல் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு, வண்டல் அளவீட்டில்தான் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்பார்.

பல்துறைப் பார்வையை நான் மறுக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) நீர்மின் திட்டத்தைப் பற்றி, மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979-இல் வெளியிட்ட மதிப்பீடு அதற்குச் சிறந்த சான்று. தாவரவியலாளர், பொருளாதார ஆய்வாளர், மின்பொறியாளர் உள்ளிட்ட ஐவர் சேர்ந்து எழுதியது அது. காட்டைப் பற்றி மட்டும் பேசாமல், மலபாரின் மின்தேவைக் கணக்கையும் எடுத்துப் பேசியதால்தான் அரசுத் தரப்பால் அதை எளிதில் தள்ள முடியவில்லை. 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஐவரும் தத்தம் துறையில் முதலில் ஊன்றி நின்றவர்கள். ஒரே ஆள் ஐவராக வேடமிட்டு எழுதியதில்லை.

மடைக்காரர் பேரன்:
ஐயா, நான் ஆய்வாளன் அல்லன். அதே பகுதியில் அரசுப் பள்ளி ஆசிரியர். என் பாட்டனார் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும், கடைமடை வயல்வரை தண்ணீர் கொண்டு சேர்ப்பதும், கரையில் கசிவு கண்டால் நள்ளிரவில் ஊரை எழுப்புவதும் அவர் வேலை. களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லே கூலி. அந்த ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் வயல்பரப்பில், அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன், "நம் முன்னோர் காத்த நீர்நிலைகள்" என்று ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் கல்லணையில் தொடங்கிப் பக்கம் நிரப்பினார்கள். எங்கள் தெருவிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும், தன் அப்பத்தா எந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது என்று சொல்லப்பட்டார் என்பதை நான்கு வரியில் எழுதி நிறுத்தியிருந்தாள். தலைப்பை விட்டு விலகியது என்று மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான்தான். அந்த நான்கு வரியை எந்தத் துறையில் பதிவு செய்வீர்கள்?

தூர்ந்துபோனதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் ஏரி, கண்மாய்ப் பாசனத்தில் இருந்தது. பின்னர் அது பெருமளவு சுருங்கிவிட்டது. கிணறும் மோட்டாரும் இலவச மின்சாரமும் வந்தபின், ஊரில் பேச்சு எடுபடக்கூடியவர்களுக்கே கண்மாய் தேவைப்படாமல் போயிற்று. தேவைப்பட்டவர்களின் பேச்சோ எடுபடவில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாரிகளைச் செதுக்க ஆள் வராததும், நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பது நின்றதும் எங்கள் ஊரில் ஒரே பருவத்தில் நடந்தவை. வண்டலை மட்டும் அளப்பவர் எவ்வளவு தூர்ந்தது என்பதைச் சரியாகச் சொல்வார். ஏன் யாரும் தூர்வாரவில்லை என்று அவர் கேட்கவே மாட்டார்.

வயல்வெளி:
இந்தோனேசியாவின் பாலித் தீவின் கதையை நினைவூட்டலாம் என்று தோன்றுகிறது. 1970-களில் பசுமைப் புரட்சியின் பெயரால், அங்குள்ள உழவர்கள் இயன்றவரை அடுத்தடுத்து நெல் நடும்படி ஊக்குவிக்கப்பட்டார்கள். பாசன நீரைப் பகிர்வதை ஒழுங்குபடுத்தும் நீர்க்கோயில்கள் வகுத்திருந்த நடவு முறைவரிசை, வெறும் சடங்கு என்று ஒதுக்கப்பட்டது. சில பருவங்களில் தண்ணீர்ச் சண்டையும், புகையான் பூச்சியும், துங்ரோ நோயும் தலைவிரித்தாடின. ஸ்டீபன் லேன்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளின் வழியே உள்ள 172 சுபக்குகளை, அதாவது பாசனச் சங்கங்களை, கணினி மாதிரியில் அமைத்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் வயலைத் தரிசாக விட்டால் பூச்சி பட்டினியில் மடியும், ஆனால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் தண்ணீர் போதும், பூச்சி வயலுக்கு வயல் தாவும். இவ்விரண்டுக்கும் இடையில் விளைச்சல் மிகும் அளவு எதுவோ, அது கோயில் வலையமைப்பின் அளவோடு ஒத்துப்போயிற்று. பூசாரியையும் பூச்சியையும் ஒரே கேள்விக்குள் வைக்காமல் இதைக் கண்டிருக்க முடியாது.

அளவுகோல்:
நல்ல எடுத்துக்காட்டு, என் தரப்புக்கு. லேன்சிங் மானிடவியலாளர், கிரெமர் சூழலியலாளர். கோயிலைப் பல ஆண்டுகள் ஒருவர் படித்தார். மாதிரியை அமைக்கத் தெரிந்தவரோடு பிறகு கைகோத்தார். சிவகங்கை, இராமநாதபுரக் கண்மாய்களைப் பற்றி 2003-இல் விரிவான நூல் எழுதிய டேவிட் மோஸும் மானிடவியலாளரே. அரசன், ஜமீன், சாதி அதிகாரம் ஆகியவற்றுக்கு வெளியே "ஊர்ச் சமுதாயம் சமமாகக் கூடிக் காத்த கண்மாய்" என்ற ஒன்று இருந்ததில்லை என்று அவர் காட்டியது, ஒரு துறையில் ஆழ்ந்ததால் வந்த பயன்.

மடைக்காரர் பேரன் அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் அது சாட்சியம். ஒரு மாணவியின் நான்கு வரியிலிருந்து ஒரு மாவட்டத்தின் கல்வியைப் பற்றி முடிவு சொல்ல ஆய்வாளருக்கு உரிமையில்லை.

மடைக்காரர் பேரன்:
முடிவு சொல்லச் சொல்லவில்லை, ஐயா, கேட்கச் சொல்கிறேன். மோஸ் நீரோட்டத்தையும் ஜமீன் ஆவணத்தையும் ஊர்ப் பேச்சையும் சேர்த்துத்தானே படித்தார்? அதற்கு மானிடவியல் என்று பெயர் கொடுத்ததால் மட்டும் அது ஒரே துறை ஆகிவிடுமா?

கௌரவ விரிவுரையாளர்:
வேலையைப் பற்றி ஒரு சொல். 1991-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி பணித்தது. இன்று இளநிலை மாணவர் எல்லோருக்கும் அந்தத் தாள் உண்டு. நான் பணியாற்றிய கல்லூரிகளில் அதை நடத்தியவர், அந்தப் பருவத்தில் யாருக்குப் பாடவேளை குறைவோ அவர்தான். பல்துறையில் பட்டம் பெற்ற நான் நேர்காணலுக்குப் போனால், என் பட்டம் "தொடர்புடைய பாடமா" என்ற கேள்வியிலேயே பத்து நிமிடம் கழிந்துவிடும். கேள்வி எவ்வளவு அகலமாகவும் இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் ஒரு துறையின் பெயர் தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கலிங்கு:
எல்லோருக்கும் நன்றி. கேள்வியை வெட்டப்போவதில்லை, இடத்தை வெட்டுகிறேன். மாவட்டத்தை விட்டுவிட்டு ஒரே தொடரில் உள்ள மூன்று கண்மாய்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நீர்ப்பாய்ச்சி இன்றும் உள்ள ஊர், அண்மையில் இல்லாமற்போன ஊர், நினைவிலேயே இல்லாத ஊர். சமூகவியலில் பதிவு; இணை நெறியாளர் நீர்வளத் துறையிலிருந்து. கொள்ளளவுக்குப் பொதுப்பணித் துறையின் பதிவேடுகளைப் பயன்படுத்துவேன். பள்ளியில் தேர்வு வைக்காமல், பிள்ளைகளைக் கண்மாயின் வரைபடம் வரையச் சொல்வேன். யார் எந்தப் படித்துறையை வரைகிறார்கள், யார் மடையை வரைகிறார்கள், யார் கரையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

அளவுகோல்:
வரைபடம் நல்ல யோசனை. பதிவேட்டுக் கொள்ளளவு கூடாது. அது பெரும்பாலும் கண்மாய் தூராதபோது எழுதிய எண். அதை வைத்தே தூர்ந்ததைப் பற்றி எழுதினால் உங்களை முதலில் மடக்குவது என்னைப் போன்ற தேர்வாளராகத்தான் இருப்பார். மூன்றில் ஒன்றையாவது நீங்களே மட்டமெடுங்கள். பங்குனி, சித்திரையில் கண்மாயின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் உட்பரப்பு, காய்ந்திருக்கும். ஒரு மட்டக்கருவியும் இரண்டு ஆட்களும் போதும். எப்படி எடுப்பது என்று எழுதி அனுப்புகிறேன். தலைப்பில் மட்டும் "பல்துறை" என்ற சொல்லைப் போடாதீர்கள். அதில் என் கருத்து மாறவில்லை.

மடைக்காரர் பேரன்:
இரண்டு ஆட்களில் ஒருவன் நான். கரையில் எந்த இடத்தில் பள்ளம் ஆழம் என்று காட்ட, பெரியவர் ஒருவரையும் கூட்டி வருகிறேன்.